கண்டலும் கண்ணாவும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடா, மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடமாதலின், உவர்நீரும் நன்னீரும் மயங்கும் கழிநிலம் மிக்கது. மூதூருக்குத் தென்கிழக்கே அமைந்த தோப்பூரைச் சார்ந்த நிலமும் அத்தகையதே. ஒருபால் நெல்வயலும் குளமும், மற்றொருபால் உல்லைக்கழிக் களப்பும் அதற்கப்பால் வங்கக் கடலுமாக, மருதமும் நெய்தலும் தம்முட் கலந்த இயல்பினை இவ்வூர்ப் புறங்களிற் காணலாம். 1660 ஆம் ஆண்டில் இராபட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயன் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டதும், 1672 ஆம் ஆண்டில் பிரான்சியக் கடற்படை வந்து தங்க முயன்று ஒல்லாந்தரால் விரட்டப்பட்டதும் இக்குடாவிலேயாம். அந்நிகழ்ச்சிகளை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்து நின்ற கழிக்கரை மரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது போர் வரலாறன்று, பெயர் வரலாறு. ஒன்றையொன்று ஒத்த மரங்களை மாந்தர் எவ்வாறு பிரித்தறிந்தனர், எவ்வாறு பிரித்தறியத் தவறினர் என்பதே அதன் பொருளாகும்.

தோணியிற் சென்று தொலைவினின்று நோக்குவோர்க்குக் களப்பின் கரை ஒரே பச்சை மதிலாகத் தோன்றும். இலை யாவும் தடித்தவை, யாவும் பளபளப்பானவை, அடிமரம் யாவும் சேற்றில் நிற்பவை. உப்பும் சேறும் ஏறியிறங்கும் நீரும் எம்மரத்தை ஆளினும் அதனை ஏறக்குறைய ஒரே வடிவிற்கு வார்த்துவிடும். குலத்தால் மிக வேறுபட்ட மரங்களும் கழியிற் குடிபுகுந்தபின் உடன்பிறந்தார் போல் ஆகிவிடுகின்றன. இன்னொரு புறம், உண்மையாகவே உடன்பிறந்தனவான இரு கண்டலினங்கள் அருகருகே நின்று, பூக்குங்காலமல்லாத காலத்து வருவோரை எளிதில் ஏமாற்றுகின்றன. உறவில்லாதவை ஒத்திருத்தலும், உறவுள்ளவை சிறு குறிகளால் மட்டும் வேறுபடுதலும் ஆகிய இவ்விரண்டுமே கழிமரங்களை அறியப்புகுந்தாரை மூன்று நூற்றாண்டுகளாக அலைக்கழித்தவை.

இக்கரையில் வாழும் மீனவரும் விறகு வெட்டுவோரும் இம்மரங்களுக்கு இட்ட பெயர்கள் சிலவே. வில்லாய் வளைந்து சேற்றிலே குத்தி நிற்கும் மிண்டிவேருடையது கண்டல். சேற்றினின்று எழுதுகோல்களை நிறுத்தி வைத்தாற்போல் மேனோக்கி எழும் மூச்சுவேருடையது கண்ணா. கண்டலையொத்துச் சிறிதாய் வளர்வது சிறுகண்டல். முறித்தால் வெண்பால் வடிவது தில்லை. இப்பெயர்கள் வேரையும் பாலையும் நோக்கி இடப்பட்டனவே யன்றிப் பூவை நோக்கி இடப்பட்டனவல்ல. சேற்றில் இறங்கி நடப்பவனுக்குக் காலில் முதலிற்படுவது வேரேயன்றோ. பயனும் பெயருக்குத் துணை செய்தது. கண்டலின் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. பருத்தி நூல் வலைகள் வழங்கிய காலத்தில் அப்பட்டையை இடித்து ஊறவைத்த செந்நீரில் வலையைத் தோய்த்தெடுத்தால் அது உப்புநீரில் விரைவில் உளுத்துப் போகாது. நைலோன் வலைகள் வந்தபின் அத்தொழில் மறைந்தது. அத்தொழில் நிகழ்ந்த காலத்தில், எம்மரத்தின் பட்டை சாயமேற்றும், எம்மரத்தினது ஏற்றாது என்பது ஒவ்வொரு வலைஞர் வீட்டிலும் தெரிந்த செய்தியாக இருந்தது. ஆயினும், சாயம் ஒன்றே தருமாயின் இரு கண்டல்களையும் இரண்டு பெயரால் அழைக்க வேண்டிய தேவை அவர்க்கு ஏற்படவில்லை. பெயர் தேவையின் அளவே நிற்கும்.

பாக்கு நீரிணையைக் கடந்து அக்கரை சென்றால் இப்பெயர்கள் இடம் மாறுகின்றன. சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பிச்சாவரத்துக் கழிகளில், ஈழத்தார் கண்டலென்று சொல்லும் மிண்டிவேர் மரம் சுரபுன்னை எனப்படும். ஈழத்தார் கண்ணா என்பதையோ அங்குள்ளோர் வெண்கண்டல் என்றும், அதன் உறவினமொன்றைக் கருங்கண்டல் என்றும் வழங்குகின்றனர். ஆகவே ஒரே சொல் ஒரு கரையில் ஒரு மரத்தையும் மறுகரையில் வேறொரு மரத்தையும் குறிக்கின்றது. சிங்கள மொழியில் கடொல் என வழங்குஞ் சொல்லும் கண்டலென்னும் சொல்லொடு ஒலியால் நெருங்கியதே. சங்க இலக்கியத்து நெய்தற் பாட்டுக்களிற் பயிலும் கண்டல் இவ்விரண்டனுள் எது என்று துணிதல் எளிதன்று. உரைகாரரும் பதிப்பாசிரியரும் கண்டலைப் பெரும்பாலும் ஒரு மரம் என்ற அளவிலே விட்டுச் செல்வர். புலவர்க்குக் கழிக்கரையின் சூழலே வேண்டியதாயிற்று. கேசரங்களை எண்ணும் வேலை அவர்க்கில்லை. ஆயினும் கண்டலையும் தாழையையும் புன்னையையும் ஞாழலையும் தனித்தனியே பெயரிட்டு நிறுத்திய அக்கண்கள் கூரியவை என்பதில் ஐயமில்லை.

மேனாட்டார் இம்மரங்களை அறிந்ததும் பழமையான செய்தியே. அலெக்சாந்தரின் படையொடு கீழ்த்திசை போந்த மாலுமிகள் பாரசீகக் குடாக் கரையில் கடலுக்குள் நிற்கும் மரங்களைக் கண்டு வியந்து கூறியவற்றைக் கிரேக்க அறிஞரான தியோபிராசுத்தசு கி.மு. 4 ஆம் நூற்றாண்டளவில் தம் தாவர நூலிற் குறித்துள்ளார். நீர் அரித்த அடிமரத்தை வேர்கள் தாங்கி நிற்கும் காட்சியைக் கடல்வாழ் பல்கால் உயிரொன்றோடு அவர் ஒப்பிட்டுள்ளார். அவர் கூறியது கண்டலையா கண்ணாவையா என்பதில் பிற்கால ஆசிரியர் ஒரு நிலைப்படவில்லை. நேரிற் காணாதவர், கண்டவர் வாய்ச்சொல்லை எழுதியதனால் வந்த இடர்ப்பாடு அது. இவ்வரலாறு முழுவதிலும் இவ்விடர்ப்பாடே திரும்பத் திரும்ப வருவது கவனிக்கத்தக்கது.

மலையாளக் கரையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் இரீட் என்பார் தொகுப்பித்த மலபார்த் தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும் கொங்கணி அந்தணர் சிலரும் அதற்கு உதவினர். அந்நூலின் ஆறாந் தொகுதியில் கண்டல்கள் ஒவ்வொன்றும் பெரிய ஓவியத்தோடு இடம் பெற்றன. அவற்றின் பெயர்கள் கண்டல், பேக்கண்டல், சிறுகண்டல், கரிக்கண்டல் என்பன போல அந்நாட்டு வழக்கிலேயே இடப்பட்டன. ஓரினத்தை அடைமொழியால் பலவாகப் பகுக்கும் நாட்டுமுறை அங்கே அச்சேறியது. ஓவியங்களில் வேரும் பூவும் காயும் ஒருங்கே வரையப்பட்டிருந்தமையின், பிற்காலத்தார் அவற்றைக் கொண்டு இனத்தைத் துணிய முடிந்தது. அக்கண்டல் என்னும் சொல்லே பின்னர் 1834 ஆம் ஆண்டில் வைற்று, ஆர்னொற்று என்னும் இருவராலும் கண்டெலியா என ஒரு தாவரச் சாதியின் பெயராக நிலைபெற்றது. உலகத் தாவரவியலார் அனைவரும் இன்று வழங்கும் பெயர்களுள் நெய்தற் கரையின் சொல்லொன்று இருத்தல் தமிழர் பலர் அறியாத செய்தி.

மலபாரில் ஓவியம் வரையப்பட்ட அதே காலத்தில் ஈழத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. 1672 ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராக வந்த பவுல் எர்மன் என்னும் செருமானியர், பெரும்பாலும் கொழும்புச் சுற்றுப்புறங்களிற் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்தார். கொட்டியாரக் குடாவில் பிரான்சியரும் ஒல்லாந்தரும் மோதிக்கொண்ட ஆண்டும் அதுவே. எர்மன் பின்னர் இலெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியராகி 1695 இல் மறைந்தார். அவர் ஈழத்தில் ஒட்டிய தாள்கள் பல கைமாறிக் கோபனேகன் நகரத்து அரச மருந்தாளர் ஒருவரிடம் சேர்ந்தன. அவர் அவற்றைச் சுவீடனிலிருந்த இலின்னேயசுக்கு அனுப்ப, இலின்னேயசு அவற்றை ஆராய்ந்து 1747 ஆம் ஆண்டில் ஈழத் தாவர நூலை வெளியிட்டார். ஈழத்துச் செடிகள் உலகத் தாவரவியலின் அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்தது அந்நூலினாலேயாம்.

இலின்னேயசு ஐரோப்பாவுக்கு வெளியே அடியெடுத்து வைத்தவரல்லர். கழிநிலக் காடொன்றை அவர் கண்டதுமில்லை. அவர் முன்னிருந்தவை வான் இரீட்டின் ஓவியங்களும், எர்மனின் உலர்ந்த தாள்களும், அம்போயினாத் தீவிற் பணியாற்றிய இரும்பியசின் விரிவான நூலுமே. ஆகவே மரத்திலேயே முளைத்துத் தொங்கும் குச்சியுடையன, உவர்நீரில் நிற்பன என்ற அளவிலே பலவற்றை ஒரு கூடையில் இட்டார். 1753 இலும் அதற்கடுத்த ஆண்டிலும் அவர் இறைசோபோரா என்னும் ஒரே சாதியுள் அடக்கிய மரங்கள் இன்று ஐந்து சாதிகளாகவும் மூன்று குடும்பங்களாகவும் பிரிந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று செந்நிற இதழுடைய, இரவில் மலரும் சொனறேசியா. மற்றொன்று வளைந்த கொம்பு போன்ற காயையுடைய ஈசிசெராசு. இவை கண்டலின் குடும்பமே அல்ல. சேறு ஒன்றாயிருந்தமையே அவற்றை உறவினவாகக் காட்டியது.

இவ்வரலாற்றுள் ஈழத்துக்கு நேரே உரிய பகுதி இனி வருவது. எர்மனின் தொகுதியிலிருந்த ஈழத்துக் கழிமரமொன்றுக்கு இலின்னேயசு இறைசோபோரா கொன்சுகேற்றா என்று பெயரிட்டார். இலத்தீன மொழியில் அதன் பொருள் இணைந்தது என்பதாம். அதே நூலில், மலபார் ஓவியத்திற் கண்டலென வரையப்பட்ட மரத்துக்கு இறைசோபோரா கிம்னோரைசா என வேறொரு பெயர் இட்டார். உண்மையில் இரண்டும் ஒரே மரம். இன்று புறுகுவீரா எனப்படும் சாதியைச் சேர்ந்தது. ஓவியத்தில் வந்தபோது ஒரு பெயரும் உலர்ந்த கிளையாய் வந்தபோது மற்றொரு பெயருமாக அது இருமுறை ஞானத்தீட்சை பெற்றுவிட்டது எனலாம். இதனால் வந்த குழப்பம் பெரிதன்று. பெருங்குழப்பம் அதன் பின்னரே விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவர நூலார், காம்பொன்றில் இரண்டே பூக்களைத் தாங்கும் உண்மைக் கண்டலொன்றைக் கண்டு, இணைந்தது என்னும் பெயர் இதற்கே பொருந்துமென எண்ணினர் போலும். எர்மனின் தாளை எடுத்துப் பாராமல் கொன்சுகேற்றா என்னும் பெயரை அம்மரத்திற்குச் சூட்டினர். ஊக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூல் உள்ளிட்ட பெருநூல்களிலும் அப்பெயரே ஏறியது. புளூமே என்பார் 1827 ஆம் ஆண்டிலேயே அவ்விருபூக் கண்டலுக்கு இறைசோபோரா அப்பிக்குலேற்றா எனத் தனிப்பெயர் இட்டிருந்தும் அது நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிங் ஹவ் என்னும் அறிஞர் இக்குடும்பத்தை மறுபடியும் ஆராய்ந்து, ஈழத்துத் தாளில் இருப்பது புறுகுவீராவே என்பதை எடுத்துக்காட்டியதோடு அப்பிக்குலேற்றா என்னும் பெயர் நிலைத்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. புறுகுவீராவையும் கண்டலையும் களத்திலே பிரித்தறிதல் சிறுவர்க்கும் எளிது. கண்டலின் பூவில் புற இதழாகிய புல்லிகள் நான்கு. புறுகுவீரா கிம்னோரைசாவின் பூவிலோ அவை பத்துக்கு மேற்பட்டவை, சிவந்தவை, விரல்கள் போல் நீண்டவை. கண்டல் மிண்டிவேரில் நிற்க, புறுகுவீராவின் வேர்கள் முழந்தாளை மடக்கியது போலச் சேற்றினின்று வளைந்தெழுந்து மீண்டும் புதையும். இத்துணை வெளிப்படையான வேற்றுமை நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டிலே மறைந்து கிடந்ததற்குக் காரணம், பெயர் வைத்தோர் ஏட்டையும் பெயர் வழங்கினோர் மற்றோர் ஏட்டையும் பார்த்தமையே. வேர் தாளில் ஒட்டப்படுவதில்லை. இதழின் நிறம் உலர்ந்தால் நிற்பதில்லை.

ஈழத்துத் தாவரங்களைப் பின்னர் ஆராய்ந்தோருள் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் துவைற்சும் திரைமனும் தலைசிறந்தவர். துவைற்சின் ஈழத் தாவரத் தொகை 1858 முதல் 1864 வரை வெளிவந்தது. திரைமன் 1893 இல் வெளியிடத் தொடங்கிய கைந்நூல், 1896 இல் அவர் மறைந்தபின் ஊக்கரால் 1900 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. திரைமன் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் ஒவ்வோரினத்தின் கீழும் இயன்றவரை பதிந்துவைத்த நன்மை பெரிது. அவர் பதியாதிருப்பின் மறைந்தொழிந்திருக்கக்கூடிய கரையோரத் தமிழ்ச் சொற்கள் பல. 1980 முதல் தசநாயக்காவும் பொசுபேக்கும் பதிப்பித்த திருத்திய கைந்நூல் அப்பணியைத் தொடர்ந்தது.

கண்ணாவின் செய்தியும் கண்டலின் செய்தி போன்றதே. இலின்னேயசு 1753 இல் அச்சாதிக்கு அவிசென்னியா எனப் பெயரிட்டது, மேனாட்டார் அவிசென்னா என வழங்கிய இப்னு சீனா என்னும் மருத்துவப் பேரறிஞரின் நினைவாகவாம். தமிழரும் முசிலிம்களும் அடுத்தடுத்து வாழும் தோப்பூர்ப் பகுதியின் கழிமரத்துக்கு அவர் பெயர் அமைந்தது இனிய தற்செயல். செங்கடற் கரையில் இதன் உறவினமொன்றைச் சேகரித்த போர்சுக்கால் 1763 இல் யேமன் நாட்டில் நோயால் இறக்க, அவர் குறிப்புக்கள் 1775 இல் வெளிவந்தன. அவ்வினமே அவிசென்னியா மரைனா. இதனைத் தனியினமாக ஏற்காது அவிசென்னியா ஒபிசினாலிசு என்பதன் ஒரு வேறுபாடாகவே பலர் நெடுங்காலம் கொண்டனர். 1907 இல் வியராப்பர் இன்றைய பெயரை அமைத்தார். பிச்சாவரத்து மக்களோ வெண்கண்டல் வேறு, கருங்கண்டல் வேறு என முன்னமே பகுத்திருந்தனர். அவர்கள் பார்த்தது இலையின் கீழ்ப்புறத்தையும் மரத்தின் தோற்றத்தையும். மரைனாவின் இலை நுனி கூர்மையானது. கீழ்ப்புறம் வெளிறிய சாம்பல் நிறத்தது. காற்றிற் புரளும்போது மரமே வெண்மையாய்த் தோன்றும். ஒபிசினாலிசின் இலை நுனி மழுங்கி வட்டமாயிருக்கும். கீழ்ப்புறம் மஞ்சள் கலந்த பசுமையுடையது. பூவும் பெரிது, மரைனாவின் பூவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஐயம் மிகுந்தால் காயை நோக்குக: ஒபிசினாலிசின் காய் தட்டையாய் மூக்குடன் நீண்டிருக்கும், மரைனாவினது அவ்வளவு மூக்கின்றி உருண்டிருக்கும். இலையை நாவில் வைத்து உப்பை அறிந்து கண்ணாவென்று கூறுவாருமுண்டு. அச்சோதனை சாதியைக் காட்டுமேயன்றி இனத்தைக் காட்டாது. இரண்டும் உப்பை இலைவழி வெளியேற்றுவனவே.

தில்லையைப் பற்றிக் கூறாதுவிட்டால் இந்துக் கல்லூரி மாணவர் மனநிறைவடையார். சிதம்பரத்தின் தலமரமாகிய தில்லை இக்கழிகளிலும் உண்டு. அதன் பால் கண்ணிற்பட்டால் கடும் எரிவை உண்டாக்கும். மேனாட்டுப் பெயரான எக்சுகோக்கேரியா என்பதும் குருடாக்குவது என்னும் பொருளிலேயே பிறந்தது. அப்பெயரின் இரண்டாங் கூறாகிய அகல்லோச்சா என்பதோ அகிலைக் குறிப்பது. அகிலுக்கும் தில்லைக்கும் குலத்தொடர்பு யாதுமில்லை. தில்லையின் கட்டையை அகிலெனக் கருதிய பழைய மயக்கமொன்று அறிவியற் பெயராகவே உறைந்து போயிற்று.

இனி, மிக அரிதாய்ப் பிரித்தறியப்படும் இரு கண்டல்களுக்கு வருவோம் எனின், இறைசோபோரா மியூக்குரோனேற்றாவும் இறைசோபோரா அப்பிக்குலேற்றாவும் வேரால் வேறுபடா. பட்டையாலும் துணிய முடியாது. இலையின் அகலத்தைக் கொண்டு துணிவோர் பாதி வழியிலே தவறுவர். மியூக்குரோனேற்றாவின் இலை பொதுவாக அகன்றது, நுனியில் மெல்லிய நீண்ட முள்ளுடையது. அப்பிக்குலேற்றாவின் இலை ஒடுங்கியது, நுனி தடித்துக் குறுகியது என்பது உண்மையே. ஆனால் நிழலில் வளர்ந்த இலையும் வெயிலில் வளர்ந்த இலையும் ஒரே மரத்தில் வேறுபடும். முள் முதிர்ந்த இலைகளில் ஒடிந்து போதலும் உண்டு. கிளை நுனியில் இளந்தளிரை மூடியிருக்கும் இலையடிச்செதில் அப்பிக்குலேற்றாவிற் பெரும்பாலும் சிவப்பு, மற்றதிற் பசுமஞ்சள். இது பயன்படும் குறி. தனியே நம்பத்தக்க குறியன்று.

துணியச் செய்வது பூ. மியூக்குரோனேற்றாவின் பூங்காம்பு நீண்டு மெலிந்து, இரண்டிரண்டாய்க் கவைத்து, ஐந்தோ அதற்கு மேலோ பூக்களைத் தாங்கித் தொங்கும். அது இலை நிற்கும் கக்கத்திலேயே தோன்றும். அப்பிக்குலேற்றாவின் காம்போ குறுகித் தடித்தது. இலை உதிர்ந்த தழும்பிலே, கிளையின் கீழ்ப்பகுதியிற் காணப்படும். எப்போதும் இரண்டு பூக்களே. முன்னதன் அல்லியிதழின் ஓரத்தில் வெண்மயிர் அடர்ந்திருக்கும். பின்னதன் இதழ் வழுவழுப்பானது. முன்னதன் கேசரங்கள் எட்டு, பின்னதன் கேசரங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு. மூக்குக்கண்ணாடியே போதும், பூதக்கண்ணாடியும் வேண்டா. பூவில்லாத காலத்தில் சேற்றிற் கிடக்கும் முளைக்குச்சி துணை செய்யும். கண்டலின் வித்து மரத்திலிருக்கும்போதே முளைத்து, பச்சைக் குச்சியாய் நீண்டு, பின்னர் விழுவது யாவரும் அறிந்தது. மியூக்குரோனேற்றாவின் குச்சி ஒரு முழத்தைத் தாண்டி 60 சென்ரிமீற்றருக்கும் மேல் நீளும், மேற்புறம் கரடுமுரடானது. அப்பிக்குலேற்றாவின் குச்சி அதிற் பாதியளவினது. இக்குறிகளை ஒருமுறை தோணியிலிருந்து கண்டு தேறியவர்க்கு நூல் தேவைப்படாது.

ஆயினும் இயற்கை இத்துணை ஒழுங்கையும் முற்றாக விட்டுவைக்கவில்லை. 1995 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கதிரேசன் பிச்சாவரத்திற் கண்டெடுத்த ஒரு கண்டலுக்கு இறைசோபோரா அண்ணாமலையானா எனப் பெயரிட்டுப் புதிய இனமாக அறிவித்தார். இலையும் பூங்காம்பும் இரு கண்டல்களுக்கும் இடைப்பட்டவையாய் இருந்தன. அதன் பின்னர் மரபணு முறையில் ஆராய்ந்தபோது அது மியூக்குரோனேற்றாவும் அப்பிக்குலேற்றாவும் கலந்து பிறந்த கலப்பு மரம் எனத் தெளிவாயிற்று. நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றாய் மயங்கிய இரண்டையும் பிரித்து வைத்தபின், அவை இரண்டும் கூடிப் பெற்ற பிள்ளை வந்து நடுவில் நிற்கின்றது. கழியில் இறங்குவோர் இரண்டிலொன்றாகவே இருத்தல் வேண்டுமென அடம்பிடித்தல் ஆகாது.

இவை யாவும் ஏட்டுச் சுரைக்காய் எனச் சிலர் கருதலாம். 2004 ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலை அக்கருத்தை மாற்றியது. கிழக்குக் கரையில் அலை வந்து போனபின், கழிமரக் காடுகள் எங்கே அலையைத் தணித்தன, எங்கே தணிக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. இலங்கைக் கரைகளில் ஆராய்ந்தோர் 2005 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் நுண்ணிய செய்தியொன்று கூறப்பட்டது. தொலைவினின்று பார்த்தால் பச்சையாய்த் தோன்றிய காடுகள் சிலவற்றில் உண்மைக் கழிமரங்கள் குறைந்து, அவற்றின் இடத்தைக் கழியைச் சார்ந்து வாழும் பிற செடிகள் பிடித்திருந்தன. அத்தகைய காடு பரப்பிற் குறையாது காவலிற் குறைந்தது என்பதே அது. எம்மரம் எது எனப் பிரித்தறியாதவர் அவ்விழப்பை இழப்பென்றே அறிந்திரார். அதற்கு முன்னரே 2002 இல் சயதிசா முதலிய ஆய்வாளர், இலங்கைக் கழிமரங்களைப் பற்றிய பழைய பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு களத்தில் இறங்கி மீள ஆராய்ந்து, உண்மைக் கழிமரங்கள் 20 இனங்கள் என வரையறுத்திருந்தனர்.

பேரலைக்குப் பின் கழிமரம் நடும் முயற்சி நாடெங்கும் பெருகியது. அம்முயற்சிகளை ஆராய்ந்து கொடிகார முதலியோர் 2017 இல் வெளியிட்ட முடிவு துயர் தருவது. 23 இடங்களில் 67 முறை நடப்பெற்ற 1,000 முதல் 1,200 எக்டேயர் பரப்பில், 200 முதல் 220 எக்டேயர் அளவே நிலைத்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. காரணம் பல: இடத்துக்கு ஒவ்வாத இனம், நட்டபின் பாராமை, கால்நடை மிதித்தல். அவற்றுள் முதலாவதே இக்கட்டுரைக்குரியது. நடுவோர் கை இயல்பாகவே கண்டலை நாடியது. முழநீளக் குச்சியைப் பொறுக்கியெடுத்துச் சேற்றிற் குத்துதல் எளிது. ஒரு நாளில் ஆயிரம் நடலாம். புகைப்படத்திலும் வரிசை அழகாய்த் தோன்றும். கண்ணாவின் காயோ சிறியது. அலையில் மிதந்து செல்வது. நாற்றங்காலில் வைத்து வளர்த்தாலன்றி நடுதற்கு அருமையானது. ஆனால் உப்பு மிகும் திறந்த மேட்டிற் பிழைக்கவல்லது கண்ணாவே.

கிழக்குக் கரைக் களப்புகளுக்குத் தனித்த இயல்பொன்றுண்டு. இலங்கையைச் சூழ்ந்த கடலில் நீரேற்ற வேறுபாடு ஒரு மீற்றரினும் குறைவு. கோடையில் மணற்றிட்டுக் களப்பின் வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் அதனை உடைக்கும். இடைப்பட்ட காலத்தில் நீர் இறங்காது பல கிழமைகள் ஒரே மட்டத்தில் நிற்றலும், பின் முற்றாக வற்றி உப்புப் பூத்தலும் நிகழ்கின்றன. நாள்தோறும் ஏறியிறங்கும் நீருக்குப் பழகிய இளங்கன்று முதலதில் அழுகும், இரண்டாவதிற் கருகும். எவ்வினம் எம்மட்டத்தில் நிற்கும் என்பதை அக்களப்பின் கரையிலேயே தானாக வளர்ந்து நிற்கும் முதுமரங்கள் காட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பெயரையேனும் சரியாக அறிந்தவரே அக்காட்சியைப் படிக்க இயலும்.

எர்மனின் தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. 1793 இல் சர் யோசேப்பு பாங்கசு விலைக்கு வாங்கியதனால் அவை அங்கே சேர்ந்தன. அவற்றின் நிழற்படங்களை இணையவழியாகத் தோப்பூரிலிருந்தும் காணலாம். மேற்சொன்ன ஆய்வில், நட்ட கன்றுகளிற் பாதிக்கு மேல் பிழைத்தனவாகக் கணக்கிடப்பட்ட இடங்கள் மூன்று: கற்பிட்டி, பம்பளை, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரையின.